நீ பாதியில் விட்ட கருவாட்டு லேபிள்

என் ஜோதிக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. திருவேட்டக்குடிப் பெண்களின் கருவாட்டு லேபிள் அச்சாகிவிட்டது. நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அது நீ செய்து வைத்த லேபிள் இல்லை. உன் ஃபைலில் நான் கை வைத்தேன். நிறத்தை மாற்றினேன், படத்தை மாற்றினேன், எழுத்தை நகர்த்தினேன். உன்னிடம் கேட்க வழியில்லாமல் செய்தேன். ஏன் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கடையை மூடிவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பூவத்திலிருந்து என் அண்ணன் வந்து, "டிசைன் போடுறவ போயிட்டா, நீ எதை வச்சுக்கிட்டு கடை நடத்துவ?" என்று கேட்டார். அதில் தப்பில்லை. பத்து வருடமாக நம் கடையில் கம்ப்யூட்டர் உன்னுடையது, கவுண்டர் என்னுடையது. யாருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்டு எழுதுவது நான். அதைக் கண்ணுக்கு அழகாக ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புவது நீ. உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

நீ வாடிக்கையாளர்களை அதட்டுவாயே, அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ட்யூஷன் சென்டர் நடத்துகிற ஒருவர் தன் படத்தைப் போனில் காட்டி, பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கேட்டார் ஞாபகம் இருக்கிறதா? "சார், இது வாட்ஸ்அப்ல வந்த படம். போன்ல பாக்க நல்லாத்தான் இருக்கும். பத்தடிக்கு இழுத்தா உங்க முகம் கட்டம் கட்டமாத் தெரியும். பரவாயில்லைன்னா சொல்லுங்க, போட்டுடறேன்" என்றாய். அவர் பேசாமல் வீட்டுக்குப் போய் அசல் படத்தைக் கொண்டு வந்தார். உன்னிடம் அதட்டு வாங்கியவர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் செந்தில் உன் லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். படகு இன்ஜின் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். லேப்டாப்பில் பட்டுவிடக் கூடாது என்று துண்டோடு மேசையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. வீட்டுல வச்சிருந்தா என்னால பாக்க முடியல" என்றார். துண்டைப் பிரிக்காமல் பல வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். அந்த நாட்களில் பழைய விசிட்டிங் கார்டுகளை அப்படியே மறுபடி அச்சடிப்பது, பழைய பில் புத்தகத்தை அப்படியே போடுவது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் பாக்கியம் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். திருவேட்டக்குடிப் பெண்கள் குழுவின் தலைவி. உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"ஜோதிகிட்ட லேபிள் சொல்லியிருந்தோம்மா. பாதி ஆயிடுச்சுன்னா. மகளிர் குழு கண்காட்சிக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. இதைக் கேக்குறதுக்கே சங்கடமாத்தான் இருக்கு."

"சங்கடமெல்லாம் வேண்டாங்க. உக்காருங்க."

"படகெல்லாம் கரையில கெடக்கு. இப்ப எங்க பதினாலு பேரு வீட்டுக்கும் இந்தக் கருவாடுதான். வருசா வருசம் யாவாரி வந்து மொத்தமா அள்ளிக்கிட்டுப் போவாரு. அவரு பையில போட்டு, அவரு பேருல விப்பாரு. இந்தத் தடவ எங்க பேருல விக்கணும்னுதான் ஜோதிகிட்ட வந்தோம்."

அவர் போன பிறகு துண்டைப் பிரித்தேன். லேப்டாப்பைத் திறந்ததும் உன் ஃபைல்தான் முதலில் நின்றது. மேலே நீலக் கடல். கீழே பாயில் பரப்பிய நெத்திலி. நடுவில் பெரிய எழுத்தில் 'திருவேட்டக்குடிப் பெண்கள் கருவாடு'. திரையில் அந்த நீலம் எப்படி இருந்தது தெரியுமா? பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது, நீ கடைசியாகச் செய்த வேலை, அப்படியே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றே ஒன்று சேர்த்தேன். கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'வடிவமைப்பு: ஜோதி' என்று போட்டேன்.

அச்சகத்துக்கு ஃபைல் போன அரை மணி நேரத்தில் சலீம் பாய் போன் செய்தார்.

"ஜோதிம்மா ஃபைலா இது?"

"ஆமாங்க பாய். அவ முடிச்சு வச்சிருக்கா."

"அப்பப் பாக்க வேண்டியதில்ல. நேரா பிளேட் போட்டுரவா?"

"போட்டுடுங்க."

அவ்வளவுதான் பேசினோம். ப்ரூஃப் கேட்கவில்லை நான். மாதிரித் தாள் எடுத்து, கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓட வேண்டும் என்பது உன் சட்டம். ஐம்பது விசிட்டிங் கார்டுக்குக்கூட அந்தச் சட்டத்தை நீ தளர்த்தியதில்லை. உன் மேல் இருந்த நம்பிக்கையில் நானும் அவரும் சேர்ந்து உன் சட்டத்தையே மீறினோம்.

கட்டு வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பெண்கள் முன்னால் பிரிக்க வேண்டும் என்று ஆசை. கருவாடு காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கீற்றுக் கொட்டகை நிழலில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பாக்கியம் அக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒரு லேபிளை வாங்கினார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது போனது. நான் எட்டிப் பார்த்தேன்.

கடல் சாம்பல் கலந்த ஊதாவாக இருந்தது. நெத்திலி கறுத்து, ஓரத்தில் பச்சை தட்டியிருந்தது. கிட்டப் பார்த்தால் மீனே இல்லை, கட்டம் கட்டமாக ஏதோ. 'கருவாடு' என்ற சொல்லின் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. சில லேபிள்களில் ஓரமாக நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. எப்படிப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்த வரி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தது.

"கெட்டுப்போன மீனு மாதிரில்ல இருக்கு" என்றார் செல்வராணி. குழுவில் கணக்கு வழக்குப் பார்ப்பவர். வெடுக்கென்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நம்ம நெத்திலி வெள்ளியா மின்னும்ங்க. அதான் சொன்னேன்."

பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "ஜோதி இப்படிச் செய்ய மாட்டாளே."

கீழே உன் பெயர் வேறு இருந்தது. உன்னைக் கௌரவிப்பதாக நினைத்து நான் போட்ட பெயர், கெட்ட மீனுக்கு அடியில் பளிச்சென்று இருந்தது. உனக்கு அன்றைக்குத்தான் நான் பெரிய துரோகம் செய்ததாக உணர்ந்தேன்.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் பாக்காம அச்சுக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

பாக்கியம் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "போன வருசம் வரைக்கும் எங்க மீனு பேரு இல்லாமப் போச்சு. இந்த வருசமாவது பேரோட போகணும்னு வந்தோம். இங்க என்னான்னா பேரே அறுந்து கெடக்கு."

"இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்லங்க? நான் திரும்பச் செஞ்சு தர்றேன். உங்களுக்கு இதுல ஒரு செலவும் இல்ல."

"நீயாம்மா செய்வ?" என்று கேட்டார். சந்தேகமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நான்தாங்க செய்யணும்."

மறுநாள் காலையில் கடையைத் திறந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை அதில் நான் உட்கார்ந்ததில்லை. ஃபைலை முதல் முறையாக அழகு பார்க்காமல் வேலையாகப் பார்த்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது, ஜோதி.

நிறங்கள் எல்லாம் திரைக்கான நிறங்களாகவே இருந்தன. மை நிறத்துக்கு மாற்றப்படவே இல்லை. "திரையில தெரியறது வெளிச்சம் அக்கா, தாள்ல ஒட்டுறது மை. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய். நெத்திலிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதை நாலு மடங்கு இழுத்திருந்தாய். கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை தெரியாமல் இருக்க, வெட்டும் கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் பின்னணியை நீட்ட வேண்டும், எழுத்துகளை அதே அளவுக்கு உள்ளே தள்ள வேண்டும். இரண்டையும் நீ செய்யவில்லை. அச்சகத்தின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றாலும் எழுத்து மாறாமல் இருக்க, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவாய். அதுவும் ஒரு வரிக்கு விட்டுப்போயிருந்தது. ஒரே நெத்திலிப் படம் மூன்று தடவை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தது.

இதில் ஒன்றுகூட உனக்குத் தெரியாதது இல்லை. எனக்கே இவையெல்லாம் உன் வாயிலிருந்து கேட்டுத்தான் தெரியும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, நீ எந்த நிலைமையில் இருந்து இதைச் செய்திருக்கிறாய் என்று புரிந்தது. வயிற்றில் கேஸ் என்றாய். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். கணையத்தில் கட்டி என்று தெரிந்த பிறகும் "மருந்து குடுத்திருக்காங்க அக்கா, ஒண்ணுமில்ல" என்றாய். ஆஸ்பத்திரி சீட்டில் இல்லாத உண்மை அந்த ஃபைலில் இருந்தது.

அப்புறம் அந்தப் போன். ஞாபகம் வந்ததும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டேன். வீட்டிலிருந்து கூப்பிட்டாய். "அக்கா, லேபிள் கிட்டத்தட்ட ஆயிடுச்சு. நீ ஒரு தடவ பாத்துடு." பத்து வருடத்தில் நீ என்னிடம் சொல்லாத வார்த்தை அது. நான் என்ன சொன்னேன்? "நீ செஞ்சத நான் என்னத்தடி பாக்குறது" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "இல்லக்கா, பாரு" என்றாய். உதவி கேட்கத் தெரியாதவள் கேட்ட உதவி அது என்று எனக்கு ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை?

அழுது முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து, தப்புகளை வரிசையாக எழுதினேன். உன் ஃபைலை அப்படியே வேறொரு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நெரவி போகிற வழியில் இருக்கிற சலீம் பாய் அச்சகத்துக்குப் போனேன்.

பாய்க்கு என்னைவிடக் குற்ற உணர்ச்சி. "நானாச்சும் ஒரு தாள் எடுத்துப் பாத்திருக்கணும். ஜோதிம்மா பேரைப் பாத்ததும் கண்ண மூடிக்கிட்டேன்" என்று மறுபடி மறுபடி சொன்னார். ஆனால் நான் பிரதியைத் திறந்ததும் தயங்கினார்.

"மாத்தத்தான் வேணுமா? அவுங்க கடைசியா செஞ்சது. வேணும்னா கலரை மட்டும் லேசாத் தூக்கி, தாளைக் கொஞ்சம் பெருசா வெட்டிக்கிட்டா அப்படியே போகும்."

"பாய், அவ இங்க உக்காந்திருந்தா இதை அச்சுக்கு விட்டிருப்பாளா?"

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"விட்டிருக்க மாட்டா. உங்களையும் திட்டியிருப்பா, என்னையும் திட்டியிருப்பா. எனக்கு ஒவ்வொண்ணும் காட்டுங்க. நான் பாத்து மாத்துறேன்."

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தேன். நான்கு பிளேட் தகடு, நான்கு மை, ஒன்றன் மேல் ஒன்றாக எப்படி ஏறுகிறது என்று பார்த்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தால் நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிவது நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாக இருந்தது. உன் திரையில் இருந்த அந்த நீலம் மையில் வராது என்று அப்போது தெரிந்தது. எவ்வளவு முயன்றாலும் வராது. கொஞ்ச நேரம் எனக்கு மனசு ஆறவில்லை. உன் நீலத்தைத் தூக்கிப் போடுகிறேனே என்று இருந்தது. பிறகு ஐந்து வேறு நீலங்களைத் துண்டுத் தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டேன். திரையில் பார்த்துத் தேர்வு செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். விற்கப்போவது வெயிலில். வெயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படத்துக்காகக் காலையிலேயே திருவேட்டக்குடிக்குப் போனேன். நல்ல கேமரா ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். வெள்ளைத் துணியில் நெத்திலியைப் பரப்பி எடுத்தேன். சரியாக வந்தது, ஆனால் உயிரில்லை. பாக்கியம் அக்கா ஒரு பிடி அள்ளி, "இதப் பாரு, இப்படித்தான் பாக்கணும்" என்று வெயிலில் நீட்டினார். அந்தக் கையை அப்படியே எடுத்துவிட்டேன். உள்ளங்கை முழுக்க நெத்திலி, வெள்ளியாக மின்னிக்கொண்டு.

அவருக்குத் தன் கையைக் காட்ட வெட்கம். "கத்தி பட்ட தழும்பெல்லாம் தெரியுதே. வேற சின்னப் பொண்ணு கையாப் போடேன்."

செல்வராணிதான் சண்டைக்கு வந்தார். "அதெல்லாம் முடியாது. அந்தக் கை காயவச்ச மீனுதான் இது. அதையே போடுங்க அக்கா."

போட்டேன். ஐந்து நீலத் துண்டுகளையும் மணலில் வைத்து, பதினான்கு பேரும் சுற்றி நின்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உன் நீலத்தைவிட அடர்த்தியானது. ஆழத்துக் கடல் அப்படித்தான் இருக்கும் என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். கடற்கரை மண்டபத்தூர்க்காரி நீ, உனக்குத் தெரியும், எனக்கென்ன தெரியும்?

தாளில் ப்ரூஃப் வந்ததும் அதையும் அவர்களிடமே எடுத்துப் போனேன். "ஒவ்வொரு வரியா சத்தமாப் படிங்க. நீங்க சரின்னு சொல்லாம மெஷின் ஓடாது" என்றேன். செல்வராணி படித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். பெயர் சரி. எடை சரி. போன் நம்பரை இரண்டு தடவை படிக்க வைத்தேன். கடைசி வரியில் செல்வராணி நிறுத்தினார்.

"'ஈரம் படும் இடத்தில் வைக்கவும்'னு இருக்கு."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பாக்கியம் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாருக்கே! வாங்கிட்டுப் போயி தண்ணிக்குள்ள வச்சுக்கங்கன்னு நாமளே எழுதிக் குடுப்பமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நீ போன பிறகு முதல் தடவையாக. முதல் அச்சில் அந்த வரி குழம்பிப் போயிருந்ததால் யார் கண்ணுக்கும் படாத பிழை அது. உன் ஃபைலைப் பார்த்து நான் எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்திருக்கிறேன். 'படாத' என்று திருத்தினேன். பாக்கியம் அக்கா ப்ரூஃபின் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்கு அடியில் நான் போட்டேன். பத்து வருடத்தில் ப்ரூஃப் தாளில் என் கையெழுத்து அதுதான் முதல்.

'வடிவமைப்பு: ஜோதி' என்ற வரியை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ உயிரோடு இருந்தபோது எந்த வேலையிலும் உன் பெயரைப் போட்டதில்லை. "சாமான் விக்கிறவங்க பேருதான் தெரியணும் அக்கா" என்பாய். என் துக்கத்துக்காக அவர்களுடைய லேபிளில் இடம் எடுத்துக்கொண்டது தப்பு.

அச்சடித்த தாளை ஈரக்கையால் தேய்த்துப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது. கருவாட்டு உப்பும் ஈரக்காற்றும் சேர்ந்தால் லேபிள் ஒரு வாரம் தாங்காது. மேலே பளபளப்பான லேமினேஷன் போட்டால்தான் ஆகும் என்றேன். பாய் என்னைப் பார்த்து, "ஜோதிம்மா பேசுற மாதிரியே பேசுறீங்க" என்றார். "இல்ல பாய், அவ இன்னும் சத்தமாப் பேசுவா" என்றேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் லேபிள் கட்டு போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை அச்சகத்திலேயே பிரித்து, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தாள் உருவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பதினான்கு பேரும் உட்கார்ந்து பகலெல்லாம் பாக்கெட்டுகளில் ஒட்டினார்கள். கோணலாக ஒட்டினால் செல்வராணி பிடுங்கி வேறு ஒட்டச் சொன்னாராம்.

கண்காட்சியில் நானும் அவர்களோடு நின்றேன். சனங்கள் பாக்கெட்டை எடுத்து, கையைப் பார்த்து, திருப்பிப் படித்து, முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். "திருவேட்டக்குடியா? நம்ம ஊருக் கருவாடா?" என்று ஒருவர் இரண்டு பாக்கெட் கூடுதலாக எடுத்துக்கொண்டார். மதியம் அந்த வியாபாரியே வந்தார். வழக்கமாக மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறவர். மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு பாக்கியம் அக்காவிடம் சொன்னார்.

"லேபிளெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மிச்சம் இருக்குற சரக்கை நான் எடுத்துக்குறேன். லேபிள் ஒட்டாமக் குடுங்க."

பாக்கியம் அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்து, தன் கைப்படம் தெரிகிற மாதிரி அவர் முன்னால் வைத்தார். "இனிமே எங்க சரக்கு எங்க பேரோடதாங்க வரும். லேபிளோட வேணும்னா எடுத்துக்குங்க. எவ்வளவு வேணும் சொல்லுங்க."

அவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். பிறகு லேபிளோடு எடுத்துக்கொண்டு போனார், ஜோதி. நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். செந்தில் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவ செஞ்சதுதானே அக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "அவ ஆரம்பிச்சா, தம்பி. நான் முடிச்சேன். அதுல நெறைய தப்பு இருந்துச்சு. திருத்த வேண்டியதாப் போச்சு" என்றேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "கடைசி மாசம் அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல அக்கா. மருந்துனாலயோ என்னாவோ, எல்லாம் மங்கலாத்தான் இருந்துச்சு. எழுத்தைத் தடவித் தடவித்தான் அடிச்சா. நான் வேணாம்னேன். 'பாதியில நின்னாக்கூட அக்கா பாத்துக்கும்'னா. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னா."

அங்கே நான் அழவில்லை. அவர் எதிரில் அழக் கூடாது என்று அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். பஸ்ஸில் வரும்போது உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னடி? பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்ல நான் அடித்திருக்க மாட்டேனா? நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? அல்லது, நீ இல்லாமல் செய்ய முடியாது என்று நான் சொல்லிச் சொல்லி, உன்னால் முடியவில்லை என்று சொல்லவே இடமில்லாமல் செய்துவிட்டேனா? இதற்கு நீ பதில் சொல்லப்போவதில்லை. கேட்காமலும் என்னால் இருக்க முடியவில்லை.

ஒரு புது வேலையைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். போன வாரம் உன் மண்டபத்தூரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். திருவேட்டக்குடிக்காரர்களின் பாக்கெட்டைக் காட்டி, தங்கள் மீன் ஊறுகாய்க்கும் லேபிளும் நோட்டீஸும் வேண்டும் என்றார்கள். ஒருத்தி போனை நீட்டி, "இந்தப் படத்தைப் போட்டுடுங்க" என்றாள். வாட்ஸ்அப்பில் வந்த படம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது சரிப்படாது. நான் நேர்ல வந்து எடுக்குறேன். எண்ணெய் படுற பாட்டில்னா தாளும் வேற போடணும்" என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

என் கை இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. நீ ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு எனக்கு ஒரு நாள் ஆகிறது. அதற்குத் தகுந்தபடிதான் வேலை ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், கடை மூடப்போவதில்லை என்று.

உன் லேப்டாப்பில் இன்னும் சில ஃபைல்கள் அரைகுறையாக நிற்கின்றன. ஒன்றையும் அழிக்க மாட்டேன், ஒன்றையும் பூஜையில் வைக்கவும் மாட்டேன். அந்தந்த வேலை வேண்டியவர்கள் வரும்போது திறப்பேன். சரியாக இருந்தால் சரி என்பேன், தப்பாக இருந்தால் திருத்துவேன். யார் செய்தது என்று பார்க்காமல் ஒவ்வொரு எழுத்தையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். 'ஒரு தடவ பாத்துடு' என்று அன்றைக்குப் போனில் சொன்னாய். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இனி பார்த்துக்கொள்வேன்.

எந்த ரேஷன் கார்டிலும் உன்னோடு சேர்ந்து பெயர் இல்லாத
உன் அக்கா,
தேவகி
காரைக்கால்